டெக்சாஸில் 19 வயது மகனுக்கு மது சைட்டேஷன்: அபராதம் கட்டுவதற்கு முன்

டாலஸ் பகுதியில் வசிக்கும் ஒரு தாயார் கேட்டிருக்கும் கேள்வி இது. மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவருடைய 19 வயது மகன், நண்பனின் அபார்ட்மெண்டில் நடந்த விருந்தில் பீர் கேனும் கையுமாக நின்றிருக்கிறான். சத்தம் தாங்கவில்லை என்று யாரோ புகார் செய்ததால் வந்த காவலர், அவனுக்கு ஒரு சைட்டேஷன் (குற்றச்சாட்டைக் குறித்து நீதிமன்றத்துக்கு வரச் சொல்லும் தாள்) எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். மூன்று வாரம் வரை அவன் வீட்டில் மூச்சு விடவில்லை. துவைக்கப் போட்ட ஜீன்ஸின் பின்பையில் நான்காக மடிக்கப்பட்டிருந்த தாள்தான் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னது. அப்பாவுக்கு எச்-1பி வேலை விசா, அம்மாவுக்கும் மகனுக்கும் அவரைச் சார்ந்த குடும்பத்தினருக்கான எச்-4 விசா. கிரீன் கார்டு வரிசையில் பல ஆண்டுகளாகக் காத்திருக்கிறார்கள். "ஆன்லைனில் பணத்தைக் கட்டிவிட்டால் இன்றோடு முடிந்தது, யாருக்கும் தெரிய வேண்டாம்" என்கிறார் அப்பா. கட்டிவிடலாமா, இது போலீஸ் கேஸா, விசாவுக்கு ஆபத்து உண்டா, மகனிடம் எப்படி நடந்துகொள்வது, நீதிமன்றத்துக்குப் பெற்றோரும் போக வேண்டுமா என்று அம்மா கேட்கிறார்.

நான் வழக்கறிஞர் அல்லன். டெக்சாஸில் நம் குடும்பங்களோடு மொழிபெயர்ப்பாளனாக நீதிமன்றங்களுக்குப் போய்வந்த பழக்கத்தில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். முதலில் அவசரமான ஒன்று: தயவுசெய்து இன்றிரவு அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். வாகனம் நிறுத்தியதற்கு வரும் டிக்கெட்டைப் போலத் தோன்றினாலும், இந்தத் தாளுக்கு அபராதம் கட்டுவது சட்டத்தின் பார்வையில் குற்றத்தை எதிர்க்காமல் ஏற்பதாகிவிடும். கட்டிய அந்த நிமிடத்தில் உங்கள் மகன் பெயரில் ஒரு தண்டனைப் பதிவு உருவாகிறது. அதைப் பிறகு கலைப்பது, இப்போது தடுப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

இது என்ன குற்றம் என்பதைப் பார்ப்போம். அமெரிக்காவில் 18 வயதில் வாக்களிக்கலாம், ராணுவத்தில் சேரலாம். மதுவுக்கு மட்டும் 21. மாநிலங்கள் 21 என்ற வயதை ஏற்காவிட்டால் நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கை நிறுத்திவைப்போம் என்று 1984-இல் ரீகன் கையெழுத்திட்ட கூட்டாட்சிச் சட்டம் நெருக்கியதால், டெக்சாஸ் 1986 செப்டம்பர் 1 முதல் இந்த வயதுக்கு மாறியது. டெக்சாஸ் மதுபானச் சட்டத் தொகுப்பின் 106-ஆம் அத்தியாயம் முழுவதும் 21 வயதுக்குட்பட்டவர்களைப் பற்றியதே. வாங்குவது, வாங்க முயல்வது, வைத்திருப்பது, குடிப்பது, வயதைப் பொய்யாகச் சொல்வது ஆகியவை அதில் தனித்தனிக் குற்றங்கள். உங்கள் மகனின் தாளில் எழுதியிருப்பது 'வைத்திருத்தல்', அதாவது கல்லூரிப் பிள்ளைகள் எம்.ஐ.பி. (மைனர் இன் பொசெஷன்) என்று சொல்வது. அவன் ஒரு மிடறுகூடக் குடிக்கவில்லை என்பது அந்தக் குற்றச்சாட்டுக்கு முழுமையான பதில் ஆகாது. கேன் அவன் கையில் இருந்ததே அதற்கு அடிப்படை.

இது 'கிளாஸ் சி மிஸ்டிமீனர்' என்ற, குற்றங்களிலேயே மிகக் கீழ்ப்படியைச் சேர்ந்தது. முதல் முறைக்குச் சிறை கிடையாது. அபராதம் அதிகபட்சம் 500 டாலர். அதோடு நீதிமன்றக் கட்டணம் சேரும். 8 முதல் 12 மணி நேரம் சமூகப் பணி செய்ய வேண்டும். மது விழிப்புணர்வு வகுப்பில் உட்கார்ந்து, 90 நாட்களுக்குள் முடித்த சான்றைக் கொடுக்க வேண்டும். முடித்துவிட்டால் அபராதத்தைப் பாதிவரை குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. நம்மவர் எதிர்பார்க்காத இன்னொன்றும் இருக்கிறது. தண்டனை பதிவானால் ஓட்டுநர் உரிமம் 30 நாட்கள் நிறுத்தப்படும். அவன் அன்று கார் ஓட்டவே இல்லையே என்று கேட்பீர்கள். ஓட்டியிருக்கத் தேவையில்லை, இந்தக் குற்றத்துக்கே சட்டம் அப்படி வைத்திருக்கிறது. இரண்டாம் முறை மாட்டினால் அது 60 நாட்கள், சமூகப் பணி 20 முதல் 40 மணி நேரம். மூன்றாம் முறையில் அபராதம் 2000 டாலர் வரையும் சிறை 180 நாட்கள் வரையும் போகலாம் என்பதால், முதல் தாளை எப்படி முடிக்கிறோம் என்பது பின்னால் வருவதையும் தீர்மானிக்கிறது.

அவன் தாளில் கையெழுத்துப் போட்டதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். குறித்த தேதிக்குள் நீதிமன்றத்தில் முன்னிலையாவேன் என்ற வாக்குறுதியே அந்தக் கையெழுத்து. குற்ற ஒப்புதல் ஆகாது. ஆனால் அந்த வாக்குறுதி மீறப்பட்டால் அதுவே தனிக் குற்றமாகி, கைது வாரண்டும் வரும். பயத்தில் தாளை ஒளித்துவைத்த பிள்ளை வாய்தாவையும் தவறவிட்டு, பல மாதங்கள் கழித்துச் சாலையில் ஒரு சாதாரணச் சோதனையில் கைவிலங்கோடு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். மூன்று வாரம் போய்விட்டது என்கிறீர்கள். ஆகவே இதைப் படித்ததும் முதலில் செய்ய வேண்டியது, தாளின் அடியில் உள்ள தேதியைப் பார்ப்பது. தேதி நெருங்கிவிட்டால் நீதிமன்ற எழுத்தரைத் தொலைபேசியில் அழைத்து, வழக்கறிஞரைப் பார்க்க அவகாசம் கேளுங்கள்.

அங்கே மூன்று பதில்களில் ஒன்றைச் சொல்லலாம்: குற்றவாளி, எதிர்க்கவில்லை, குற்றவாளி இல்லை. அமெரிக்கக் குடியுரிமை உள்ள பிள்ளைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வழி, 'எதிர்க்கவில்லை' என்று சொல்லி, 'டிஃபர்டு டிஸ்போசிஷன்' கேட்பது. நீதிபதி தீர்ப்பை 180 நாட்கள் வரை தள்ளிவைப்பார். வகுப்பும் சமூகப் பணியும் முடித்து, வேறு வம்பில் மாட்டாமல் இருந்தால் வழக்கு தள்ளுபடியாகும், உரிம நிறுத்தமும் வராது. நல்ல ஏற்பாடுதான். பக்கத்து வீட்டு அமெரிக்கர் இதைத்தான் சொல்வார், உங்கள் மகனின் அறைத் தோழனும் இதைத்தான் செய்திருப்பான்.

உங்கள் மகன் விஷயத்தில் நான் தயங்குவது இந்த இடத்தில்தான். குடியேற்றச் சட்டத்துக்குத் 'தண்டனை' என்பதற்குத் தனி வரையறை இருக்கிறது. ஒருவர் குற்றவாளி என்றோ எதிர்க்கவில்லை என்றோ நீதிமன்றத்தில் சொல்லி, அதன்மேல் நீதிபதி ஏதேனும் ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ விதித்தாலே போதும். மாநில நீதிமன்றம் பிறகு வழக்கைத் தள்ளுபடி செய்தாலும், குடியேற்ற அதிகாரிகள் அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்ள முடியும். டெக்சாஸ் காகிதத்தில் 'தள்ளுபடி' என்றிருக்கும் வழக்கு, கிரீன் கார்டு மேசையில் வேறு பெயரோடு எழுந்து நிற்கக்கூடும். ஆகவே குடியுரிமை இல்லாத பிள்ளைக்கு முதலில் தேட வேண்டியது, 'குற்றவாளி' என்றோ 'எதிர்க்கவில்லை' என்றோ சொல்லாமல் வழக்கை முடிக்கும் வழி. 'குற்றவாளி இல்லை' என்று பதிவுசெய்துவிட்டு, வகுப்பையும் சமூகப் பணியையும் மகன் தானாகவே முன்கூட்டி முடித்து, அந்தச் சான்றுகளோடு வழக்கறிஞர் அரசு வழக்கறிஞரிடம் பேசினால், வழக்கைத் திரும்பப் பெறச் சிலர் சம்மதிக்கிறார்கள். எல்லோரும் சம்மதிப்பார்கள் என்று நான் சொல்ல முடியாது. கேட்டுப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது என்பதே என் கவலை.

2010-இல் படில்லா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், குற்றத்தை ஏற்பதால் வரும் குடியேற்ற விளைவை வழக்கறிஞர் தம் கட்சிக்காரருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அபராதம் மட்டுமே உள்ள முதல் முறைக் குற்றங்களுக்கு நீதிமன்றம் வழக்கறிஞரை அமர்த்தித் தருவதில்லை. எனவே நீங்களாகத் தேடிப் போகாவிட்டால், அந்த எச்சரிக்கையை அவனிடம் சொல்ல அந்த அறையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். உள்ளூர் குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரையும், உங்கள் கிரீன் கார்டு வேலையைப் பார்க்கும் குடியேற்ற வழக்கறிஞரையும் ஒரே வாரத்தில் பாருங்கள். அப்பாவின் நிறுவனத்து வழக்கறிஞரிடம் போனால் நிறுவனத்துக்குத் தெரிந்துவிடுமோ என்ற தயக்கம் இருந்தால், வெளியே ஒருவரிடம் ஒரு மணி நேர ஆலோசனை போதும்.

இவ்வளவு சொன்னதால் குடி முழுகிவிட்டதாக நினைக்க வேண்டாம். மது வைத்திருந்த ஒரே ஒரு சிறு குற்றம் தன்னளவில் நாடு கடத்துவதற்குக் காரணமாகும் வகையைச் சேர்ந்ததன்று. குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதாவது வேறு விஷயம்: அப்படிக் கைதானவர்களின் விசாவைத் தீர்ப்புக்கு முன்பே ரத்துசெய்யத் தூதரகங்களுக்கு அதிகாரம் உண்டு, ரத்தும் செய்கிறார்கள். போலி அடையாள அட்டையும் வேறு விஷயம்தான். ஏமாற்றுதல் என்ற அம்சம் சேர்ந்துவிட்டால் குடியேற்றச் சட்டம் பார்க்கும் பார்வையே மாறிவிடும். ஆகவே அன்றிரவு அவனிடம் வேறு யாருடைய உரிமமோ, வயதை மாற்றிய அட்டையோ இருந்ததா, காவலரிடம் பொய் வயது சொன்னானா என்பதை வழக்கறிஞர் முன்னால் அவன் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் முன்னால் சொல்லக் கூச்சப்பட்டால் நீங்கள் அறைக்கு வெளியே உட்காருங்கள். அவனுக்கு 19 வயது, கட்சிக்காரன் அவன்தான்.

சைட்டேஷனின் நிழல் நீளமாக விழுவது படிவங்களில். உங்கள் மகனுக்கு 21 ஆனதும் எச்-4 முடிந்துவிடும். பெரும்பாலும் எஃப்-1 மாணவர் நிலைக்கு மாற வேண்டியிருக்கும், ஊருக்கு வந்தால் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா முத்திரைக்கு நிற்க வேண்டியிருக்கும். விசா விண்ணப்பமான டி.எஸ்.-160, கைதானது உண்டா, தண்டனை உண்டா என்று கேட்கிறது. கிரீன் கார்டுக்கான ஐ-485, குடியுரிமைக்கான என்-400 இரண்டும் இன்னும் விரிவாக, சைட்டேஷன் வாங்கியது உண்டா என்றே கேட்கின்றன. ஒவ்வொரு கேள்வியின் சொற்களையும் வழக்கறிஞரோடு உட்கார்ந்து படித்து, கேட்டதற்கு உண்மையான பதில் எழுத வேண்டும். ஒரு கேன் பீரை எந்த அதிகாரியும் பொறுத்துக்கொள்வார். முக்கியமான ஒன்றை மறைத்து எழுதிய 'இல்லை' என்ற ஒரு சொல், நுழைவையே வாழ்நாள் முழுக்கத் தடுக்கும் பொய்யுரைப்புக் குற்றச்சாட்டாக மாறக்கூடும். 'யாருக்கும் தெரிய வேண்டாம்' என்ற அப்பாவின் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தப் படிவங்களில் அந்த ஆசைக்கு இடம் கிடையாது. 2025 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் பதிவுகள் (அவர்களுடைய மாணவர் நிலையைக் காட்டும் அரசுத் தரவுத்தளப் பதிவுகள்) திடீரென்று முடக்கப்பட்டு, நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்த பிறகு மீட்கப்பட்டதை நினைவில் வையுங்கள். அவர்களில் சிலருடைய பின்னணியில் இருந்தது சிறிய போக்குவரத்துக் குற்றங்களும், ஏற்கெனவே தள்ளுபடியான வழக்குகளுமே.

டெக்சாஸ் சட்டம் ஒரு கருணையும் வைத்திருக்கிறது. 21 வயதுக்கு முன் ஒரே ஒரு மதுக் குற்றத்துக்கு மட்டும் தண்டனை பெற்றவர், 21 வயதானதும் 30 டாலர் கட்டணத்தோடு அதே நீதிமன்றத்தில் விண்ணப்பித்துப் பதிவை அழித்துக்கொள்ளலாம். தண்டனை இல்லாமல் முடிந்த ஒரே வழக்குக்கும் அப்படி விண்ணப்பிக்க வழி இருக்கிறது. இதை 'எக்ஸ்பங்ஷன்' என்கிறார்கள். தனியார் வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் பின்னணி பார்க்கும்போது இது பெரிய நிம்மதி. ஆனால் குடியேற்ற அதிகாரிகளிடம் அழிக்கப்பட்ட பதிவையும் சொல்லத்தான் வேண்டும், வழக்கு எப்படி முடிந்தது என்பதற்கான நீதிமன்றச் சான்றையும் அவர்கள் கேட்பார்கள். பதிவை அழித்த பிறகு எழுத்தரிடம் போனால் அப்படி ஒரு வழக்கே இல்லை என்பார். அழித்ததன் பொருளே அதுதானே. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, கையில் ஒரு தாளும் இல்லாமல் நேர்காணலுக்குப் போனவர்கள் உண்டு. அழிக்க விண்ணப்பிக்கும் முன்பே, முத்திரையிட்ட சான்று நகல்களை வாங்கி, பாஸ்போர்ட் இருக்கும் கோப்பிலேயே வைத்துவிடுங்கள்.

பல்கலைக்கழகம் தனியாக விசாரிக்கலாம். நீதிமன்றம் ஒரு பக்கம் நடந்தாலும் மாணவர் ஒழுங்கு அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வரும். அதற்குப் பதில் போடாமல் இருப்பதே தனித் தவறாகும். 21 வயதுக்குட்பட்ட மாணவர் மது விதியை மீறினால் பெற்றோருக்குத் தெரிவிக்க 1998 முதல் கூட்டாட்சிச் சட்டம் கல்லூரிகளை அனுமதிக்கிறது; கட்டாயப்படுத்தவில்லை. கல்லூரி உங்களை அழைக்கவில்லை என்றால் அதில் மர்மம் ஏதும் இல்லை. பின்னாளில் மருத்துவமோ சட்டமோ படிக்க நினைத்தால் அந்த விண்ணப்பங்களும் இதைக் கேட்கலாம். அங்கும் உண்மையாக எழுதப்பட்ட நான்கு வரிகள் காப்பாற்றும்.

இனி வீட்டைப் பற்றி. நம் வீடுகளில் 'குடி' என்ற சொல்லுக்குள் எத்தனையோ ஆண்டுகளின் துயரம் இருக்கிறது. சம்பளத்தைத் தொலைத்துவிட்டு வந்த ஒரு பெரியப்பா, தாலியை அடகு வைத்த ஓர் அத்தை என்று ஏதாவது ஒரு நினைவு இல்லாத குடும்பம் குறைவு. மகனின் தாளைப் பார்த்ததும் அப்பாவின் கண்ணில் தெரிவது அந்தப் பெரியப்பாவாக இருக்கலாம். மகன் கண்ட காட்சியோ, நண்பர்கள் நீட்டியதை மறுக்கத் தெரியாமல் வாங்கிக்கொண்ட ஒரு சனிக்கிழமை இரவு. இந்த இரண்டும் ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், கேட்டால்தான் தெரியும். எத்தனை முறை, யாரோடு, தனியாகவும் குடிக்கிறானா, மறுநாள் வகுப்புக்குப் போக முடிகிறதா என்று குரலை உயர்த்தாமல் கேளுங்கள். பதில் கவலை தருவதாக இருந்தால் பல்கலைக்கழகத்திலேயே மனநல ஆலோசகர்கள் இருப்பார்கள். படிப்பை நிறுத்திவிடுவேன், ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்ற மிரட்டல்கள், அடுத்த முறை இன்னும் ஆழமாக ஒளித்துவைக்க மட்டுமே அவனுக்குக் கற்றுக்கொடுக்கும்.

ஒளித்துவைப்பதற்கு நான் ஏன் இவ்வளவு அஞ்சுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அளவுக்கு மீறிக் குடித்து மயங்கிக் கிடக்கும் நண்பனுக்காக முதலில் 911-ஐ அழைத்து, உதவி வரும்வரை அங்கேயே இருந்து, வந்தவர்களோடு ஒத்துழைத்தால், அழைத்தவன் மீது வைத்திருந்ததற்கும் குடித்ததற்குமான இந்தக் குற்றச்சாட்டு நிற்காது என்று டெக்சாஸ் 2011-இல் சட்டம் செய்தது. பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது. தெரிந்த பிள்ளையும் "அப்பாவுக்குத் தெரிந்தால் தொலைந்தேன்" என்ற நினைப்பில் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். மயங்கியவன் வாந்தி மூச்சுக்குழாயை அடைத்து இறப்பதற்கு அதிக நேரம் ஆகாது. இந்த வழக்கைச் சாக்காக வைத்தாவது, இன்றிரவே உங்கள் மகனிடமும் அவன் தங்கையோ தம்பியோ இருந்தால் அவர்களிடமும் இந்தச் சட்டத்தைச் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்வது நல்லது.

சில அப்பாக்கள் மறுகோடிக்குப் போய், "வெளியே போய்க் குடிப்பதற்கு வீட்டிலேயே குடிக்கட்டும்" என்பார்கள். பெற்றோரின் கண் முன்னால் அவரவர் பிள்ளை குடிப்பதை டெக்சாஸ் சட்டம் விலக்காக வைத்திருப்பது உண்மைதான். ஆனால் அந்த விலக்கு உங்கள் பிள்ளைக்கு மட்டுமே. பிறந்தநாள் விருந்துக்கு வந்த அவன் நண்பனுக்கு நீங்கள் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தால், அது 'கிளாஸ் ஏ' குற்றம்: ஓராண்டு வரை சிறை, 4000 டாலர் வரை அபராதம். மகனின் தாளைவிட உங்கள் கிரீன் கார்டுக்குப் பெரிய ஆபத்து அதில்தான் இருக்கிறது.

நீதிமன்றத்துக்கு நீங்கள் போக வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். 17 வயதுக்குட்பட்ட பிள்ளையாக இருந்தால் பெற்றோருக்கே அழைப்பாணை வரும்; 18-க்கு உட்பட்டிருந்தால் மது வகுப்பிலும் பெற்றோரை உடன் உட்காரச் சொல்ல நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. 19 வயதுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இருந்தாலும் போங்கள் என்பேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய நீதிமன்றத்தில் 16 வயதுப் பெண்ணோடு வந்த ஒரு தமிழ் அப்பாவுக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். காரிலிருந்து இறங்கியது முதல் அவர் மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வரிசையில் இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்தார். பெயர் அழைக்கப்பட்டதும் நீதிபதி, தந்தை மகளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கலாம் என்றார். அவர் எழுந்துபோய் நின்றார். அந்தப் பெண் பதில் சொல்லத் தொடங்கி, குரல் வராமல் நின்றபோது, அவர் கை தன்னையறியாமல் அவள் முதுகில் போய்ப் படிந்தது. அவள் மீதியைச் சொல்லி முடித்தாள். வெளியே வந்து இருவரும் காபி வாங்கிக்கொண்டார்கள்.

வாய்தாவுக்கு மகன் மடிப்புக் கலையாத சட்டை அணிந்து, அசல் தாளோடு அரை மணி நேரம் முன்னதாக வரட்டும். வழக்கறிஞர் சொல்லிக்கொடுத்த பதிலை அவனே தன் வாயால் சொல்ல வேண்டும். நீங்கள் முந்திக்கொண்டு பேசாதீர்கள். வழக்கு முடியும் நாளில் எழுத்தரின் ஜன்னலில் நின்று, முடிவின் சான்று நகல் மூன்று பிரதி கேட்டு வாங்கிய பிறகு வீட்டுக்குக் கிளம்புங்கள்.